'என்கரேஜ்' மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் அதே அறையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள எங்கள் சித்தூர் தாலுக்காவில் வீட்டுப் பேச்சு தமிழ், ஆபீஸ் பேச்சு மலையாளம், வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போகிற காகிதம் ஆங்கிலம். இந்த மூன்றுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு என் மேசைக்கு அடிக்கடி வருகிற வார்த்தை 'என்கரேஜ்'. பள்ளிக் கட்டுரை, பயோடேட்டா, நர்ஸ் வேலைக் கடிதம், போலீஸ் மனு என்று எல்லாவற்றிலும் அதைத் திருத்தியிருக்கிறேன்.

கோளாறு ஆங்கிலத்தில் தொடங்குவதில்லை, நம் பேச்சில் தொடங்குகிறது. மாமா தைரியம் சொன்னாலும் 'என்கரேஜ் பண்ணினார்', கூட்டாளி உசுப்பேத்தினாலும் 'என்கரேஜ் பண்ணினான்', அம்மாயி செல்லம் கொடுத்தாலும் 'என்கரேஜ் பண்றாங்க'. ஏழெட்டுத் தமிழ்ச் சொற்கள் இருந்த இடத்தில் ஒன்றை உட்கார வைத்துவிட்டோம். எழுதும்போது ஏழெட்டு அர்த்தமும் அந்த ஒரே சொல்லாக வந்து விழுகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வாக்கியத்திலிருந்து 'என்கரேஜ்' என்பதை எடுத்துவிட்டு, வீட்டில் அம்மாவிடம் சொல்வதுபோல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அந்தச் சொல் இல்லாமல். தட்டிக்கொடுத்தார், தைரியம் சொன்னார், சம்மதிக்க வைத்தார், உசுப்பிவிட்டார், தூண்டிவிட்டார், இடம் கொடுத்தார், அவரைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. இதில் எது வாயில் வருகிறதோ அதை ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

அறிகுறி 1: சொல் சரி, ஆனால் வாக்கியம் நொண்டுகிறது

'மை ஃபாதர் என்கரேஜ்டு மீ ஃபார் ஸ்டடி', 'ஷி என்கரேஜ்டு மீ டு வென்ட்', 'தே என்கரேஜ்டு தட் ஐ ஷுட் ஜாயின்' என்றெல்லாம் வரும். அதிகம் பார்ப்பது இந்த வகைதான். செலவே இல்லாமல் சரியாவதும் இதுதான்.

முதலில் 'டு' இருக்கிறதா என்று பாருங்கள். என்கரேஜ், அடுத்து ஆள், அடுத்து 'டு', அதற்குப் பின் காலம் ஏறாத வினை. 'மை ஃபாதர் என்கரேஜ்டு மீ டு ஸ்டடி.' நேற்று நடந்தது என்பதை 'என்கரேஜ்டு' சொல்லிவிட்டது; இரண்டாவது வினையும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. 'படிக்க' என்ற தமிழ்ச் சொல்லும் காலம் காட்டாது. 'படிக்க ஊக்கினார்' என்று சொல்லிப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

'ஃபார்' வந்திருந்தால், அது 'படிப்புக்கு' என்பதில் உள்ள 'கு'வை அப்படியே தூக்கி வைத்ததால் வந்தது. பெயர்ச்சொல்தான் வேண்டும் என்றால் 'இன்' போடுங்கள்: 'ஷி என்கரேஜ்டு மீ இன் மை ஸ்டடீஸ்.'

ஆளே இல்லாத வாக்கியமா? அப்போது 'டு' வராது, 'இங்' வரும். 'த பேங்க் என்கரேஜஸ் சேவிங்.'

எதிர்ப்பதத்தில் பூட்டு வேறு. 'டிஸ்கரேஜ்' வந்தால் 'டு' போடக் கூடாது. 'ஃப்ரம்' போட்டு 'இங்' சேர்க்க வேண்டும். 'ஹி டிஸ்கரேஜ்டு மீ ஃப்ரம் ஜாயினிங்.' என்கரேஜை நன்றாகப் பழகிய பிள்ளைகள்தான் இங்கே தவறுகிறார்கள், அதே சாவியை இதற்கும் போட்டுப் பார்ப்பதால்.

இதெல்லாம் சரியாக இருந்தும் உறுத்தினால் வால் பகுதியைப் பாருங்கள். 'ஐ ஆம் வெரி என்கரேஜிங் பை யுவர் லெட்டர்' என்று எழுதினால், கடிதத்துக்கு நீங்கள் தெம்பு கொடுத்ததாக ஆகிவிடும். தெம்பு வாங்கியவர் 'என்கரேஜ்டு', கொடுப்பது 'என்கரேஜிங்'. 'மெனி என்கரேஜ்மென்ட்ஸ்' என்றும் வேண்டாம். தண்ணீரை எண்ணாததுபோல் இதையும் எண்ணுவதில்லை. 'எ லாட் ஆஃப் என்கரேஜ்மென்ட்' போதும்.

அறிகுறி 2: எழுத்துப் பிழை, உச்சரிப்புப் பிழை

மூன்று இடத்தில்தான் எழுத்து விழும். முதல் எழுத்து ஐ இல்லை, ஈ. நடுவில் ஓ-வுக்குப் பின் யூ உண்டு. 'மென்ட்' சேர்க்கும்போது ஜி-க்குப் பின்னால் உள்ள ஈ அப்படியே நிற்கும். 'இங்' சேர்க்கும்போது மட்டும் போய்விடும். 'ஜட்ஜ்மென்ட்' என்பதை ஈ வைத்தும் வைக்காமலும் எழுதலாம் என்பதால் இங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே 'கரேஜ்', அதாவது தைரியம், முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். அது முழுசாக இருந்தால் எழுத்தும் சரி.

உச்சரிப்பில் நாம் 'என்கரேஜ்' என்று கடைசியை நீட்டுகிறோம். ஊருக்குள் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வெளிநாட்டுப் பேச்சுத் தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் 'இன்கரிஜ்' என்று, நடுவில் அழுத்தி, முடிவைக் குறுக்கிச் சொல்லப் பழகுங்கள். 'வில்லிஜ்', 'மெஸிஜ்', 'டாமிஜ்' எல்லாம் அதே முடிவுதான்.

அறிகுறி 3: பெரிய மனிதர் பெயரோடு வருகிறது

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 'என் முன்மாதிரி' என்று கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். முதல் வரியே 'டாக்டர் அப்துல் கலாம் என்கரேஜ்டு மீ டு பிகம் எ சயின்டிஸ்ட்.'

"கலாம் அய்யாவை நேர்ல பாத்திருக்கியா கண்ணு?"

"இல்லீங்க டீச்சர்."

"உனக்கு லெட்டர் கிட்டர் போட்டாரா?"

"இல்லீங்க. அவரு போயிட்டப்ப நான் குட்டிப் புள்ள."

ஷில்லாங்கில் மாணவர்களுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து, 2015 ஜூலை 27 அன்று அவர் காலமானார். அவள் அவரைப் பார்க்க வழியில்லை. ஆனால் அவரைப் பற்றிப் படித்து அவளுக்கு ஆசை வந்தது உண்மை. அதற்குச் சொல் 'இன்ஸ்பைர்'.

சோதனை சுலபம்: அந்த ஆளுக்கு உங்களைத் தெரியுமா? தெரியும், உங்களிடம் பேசினார் என்றால் என்கரேஜ். உங்களைத் தெரியாது, ஆனாலும் அவரைப் பார்த்தோ கேட்டோ படித்தோ உள்ளுக்குள் ஏதோ எழுந்தது என்றால் இன்ஸ்பைர். பக்கத்திலிருப்பவரும் இன்ஸ்பைர் செய்யலாம். 'மை மதர் இன்ஸ்பையர்டு மீ' என்றால், விடியக்காலம் எழுந்து பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வரும் அம்மாவைப் பார்த்தே அவள் படித்தாள் என்று பொருள். 'என்கரேஜ்டு' என்றால் அம்மா உட்கார வைத்து 'படி சாமி, உன்னால முடியும்' என்று சொன்னாள். இரண்டும் நடந்திருந்தால் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். அந்தப் பிள்ளை கடைசியில் கலாமுக்கு ஒரு வரியும் தன் அறிவியல் டீச்சருக்கு மூன்று வரியும் எழுதினாள். கட்டுரைக்கு அந்த மூன்று வரியில்தான் உயிர் வந்தது.

அறிகுறி 4: இன்டர்வியூவில் கேள்வி ஒன்று, பதில் வேறு

'வாட் மோட்டிவேட்டட் யூ டு அப்ளை?' என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் 'மை அங்கிள் மோட்டிவேட்டட் மீ சார்' என்று மாமாவைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அவர் கேட்டது ஆளை இல்லை, காரணத்தை. எது உங்களைக் கிளப்பியது என்பதே கேள்வி. சம்பளமா, வேலை பிடித்திருக்கிறதா, வீட்டுக்குப் பக்கமா என்று அதைச் சொல்ல வேண்டும். மாமாவைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'மை அங்கிள் என்கரேஜ்டு மீ டு அப்ளை' என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் காரணத்துக்குப் போங்கள்.

பயோடேட்டாவில் 'செல்ஃப் மோட்டிவேட்டட்' என்று மட்டும் போடாதீர்கள். எல்லோரும் போடுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. பகலில் கடை வேலை பார்த்துக்கொண்டே டிகிரி முடித்திருந்தால் அதை எழுதுங்கள்.

நாளிதழில் 'மோட்டிவேட்டட் கம்ப்ளெயின்ட்' என்று வந்தால் அது உள்நோக்கத்தோடு கொடுத்த புகார் என்று பொருள். பாராட்டு இல்லை.

அறிகுறி 5: 'சொன்னேன், கேக்கல' என்பதை எழுத வரவில்லை

இதற்கு ஒரே சோதனை போதும். வாக்கியத்தின் முடிவில் 'ஆனால் அவன் செய்யவில்லை' என்று சேர்த்துப் பாருங்கள். 'ஐ என்கரேஜ்டு ஹிம் டு ஜாயின் ஐ.டி.ஐ., பட் ஹி டிட் நாட்.' நிற்கிறது. 'ஐ அர்ஜ்டு ஹிம்' என்றாலும் நிற்கும். அது இன்னும் அழுத்திச் சொன்னது, விடாமல் வற்புறுத்தியது. 'ஐ பெர்சுவேடட் ஹிம் டு ஜாயின், பட் ஹி டிட் நாட்' என்று போட்டால் வாக்கியம் தன்னையே அடித்துக்கொள்ளும். பெர்சுவேட் என்றால் சொல்லிச் சம்மதிக்க வைத்தாயிற்று, அவன் போயும் ஆயிற்று.

இதற்கு மேல் 'பிரஷர்', 'ஃபோர்ஸ்' என்று போனால் ஊக்கம் முடிந்து கட்டாயம் தொடங்கிவிடும். 'மை பேரன்ட்ஸ் ஃபோர்ஸ்டு மீ டு ஸ்டடி நர்சிங்' என்று ஒரு பெண் வேலை விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். விசாரித்தால், அப்பாவும் அம்மாவும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான். அதற்கு 'அர்ஜ்டு' போதும். பெற்றவர்கள்மேல் இல்லாத குற்றத்தை ஒரு சொல் ஏற்றிவிடும். அனுப்பும் முன் பாருங்கள்.

அறிகுறி 6: ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அர்த்தம் மாறுகிறது

இந்தப் பக்கம் நர்சிங் படித்துவிட்டு வெளிநாடு போகத் தேர்வு எழுதும் பெண்கள் நிறைய. ஆஸ்பத்திரி வேலைக்கு வெளிநாடு போகிறவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு ஓ.இ.டி. அதன் எழுத்துப் பகுதியில் 45 நிமிடத்துக்குள், சுமார் 180 முதல் 200 சொல்லில், ஒரு நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டும். அதில் என்கரேஜ் வராத கடிதம் குறைவு.

கேஸ் ஷீட்டில் 'என்கரேஜ் ஃப்ளூயிட்ஸ்' என்றிருந்தால் நோயாளிக்குத் தைரியம் சொல்வதற்கு அங்கே வேலை இல்லை. தண்ணீர், கஞ்சி, ஜூஸ் என்று ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைக்க வேண்டும். டம்ளரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, மணிக்கொரு தரம் கேட்டு, குடித்த அளவைக் குறிக்க வேண்டும். 'என்கரேஜ் மொபிலைசேஷன்' என்றால் கையைப் பிடித்து எழுப்பி நாலு அடி நடக்க வைப்பது. ஆஸ்பத்திரியில் இந்தச் சொல்லுக்குக் கூட இருந்து செய்ய வைப்பது என்றுதான் அர்த்தம். நம் வீடுகளில் காய்ச்சல்காரப் பிள்ளையை 'இன்னொரு வாய், இன்னொரு வாய்' என்று கஞ்சி குடிக்க வைப்போமே, அதேதான்.

இங்கே வரும் கோளாறுகளை இந்த வரிசையில் பாருங்கள். விவரம் மட்டும் சொன்னீர்களா? அப்படியென்றால் 'அட்வைஸ்டு'. பயந்திருந்தவருக்குப் பயம் தெளிவித்தீர்களா? 'ரீஅஷ்யூர்டு'. மறந்துபோகிறவருக்கு ஞாபகப்படுத்தினீர்களா? 'ரிமைண்டட்'. செய்யத் தயங்குகிறவரைச் செய்ய வைக்க முயன்றீர்களா? அப்போதுதான் 'என்கரேஜ்டு'. எருத்தேம்பதிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நாலுக்கும் 'என்கரேஜ்டு' போட்டிருந்தாள். கடிதத்தைத் தமிழில் எனக்குச் சொல்லச் சொன்னேன். 'மாத்திரைய நேரத்துக்குப் போடச் சொன்னேன், ஊசின்னா பயந்தாங்க, ஒண்ணுமில்லீங்கம்மான்னு சொன்னேன், நடக்க மாட்டேன்னாங்க, புடிச்சு நடக்க வச்சேன்' என்று அவள் சொல்லி முடித்தபோது மாற்ற வேண்டிய ஆங்கில வினைகளை அவளே மாற்றிவிட்டாள்.

இரண்டு மாதிரிக் கடிதம் எழுதியும் இதே தவறு திரும்பத் திரும்ப வந்தால், அந்தத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுப்பவரிடமே போங்கள். தேர்வுக் கட்டணம் பெரிய தொகை. மறுபடி கட்டுவதைவிட நாலு வகுப்புக்குக் காசு கொடுப்பது மேல்.

அறிகுறி 7: 'ஊக்க' என்று தொடங்கும் தமிழ்ச் சொல்லை மாற்றும்போது

விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பால் சொசைட்டி தரும் ஊக்கத்தொகை 'இன்சென்டிவ்'. மாணவருக்குக் கிடைப்பது 'ஸ்காலர்ஷிப்' அல்லது 'ஸ்டைபண்ட்'. 'என்கரேஜ்மென்ட் அமௌன்ட்' என்று எழுத வேண்டாம். பள்ளி விழாவில் ஊக்கப் பரிசு, மலையாளத்தில் 'ப்ரோத்ஸாஹன சம்மானம்', ஆங்கிலச் சான்றிதழில் 'கன்சொலேஷன் பிரைஸ்'. விளையாட்டுச் செய்தியில் வரும் ஊக்கமருந்துப் பயன்பாடு 'டோப்பிங்'. சந்தேகம் இருந்தால் பழைய சான்றிதழைக் கொண்டுவந்து பார்த்து எழுதுங்கள்.

அறிகுறி 8: துக்க வீட்டுச் செய்தி

'பி என்கரேஜ்டு', 'சியர் அப்' இரண்டையும் நீக்கிவிடுங்கள். 'சியர் அப்' சின்ன வருத்தத்துக்கு, மார்க் குறைந்ததற்கு. ஆறுதல் சொல்லும் வினை 'கன்சோல்', 'கம்ஃபர்ட்'. செய்தி அனுப்பும்போது அதுவும் வேண்டாம். உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம் என்று தமிழிலேயே அனுப்பலாம்.

அறிகுறி 9: கெட்ட காரியத்துக்கு 'என்கரேஜ்' வருகிறது

இங்கே நிதானமாகப் படியுங்கள். விலை கூடுதலான கோளாறு இது.

முதலில் சின்னது. 'டோன்ட் என்கரேஜ் ஹிம்' என்று ஆங்கிலத்திலும் சொல்வார்கள். இடம் கொடுக்காதே என்று பொருள். அது சரி. அதை மாற்ற வேண்டாம். செல்லம் கொடுத்துக் கெடுப்பது 'பேம்பர்', 'ஸ்பாயில்'.

அடுத்து, கூட்டாளிகள் சேர்ந்து உசுப்பிவிட்டு ஒருவன் கிணற்றில் குதித்தான் என்றால் 'எக்டு ஹிம் ஆன்'. இதில் முட்டை எதுவும் இல்லை. வடக்கு ஐரோப்பாவின் பழைய மொழியான நார்ஸில் 'தூண்டிவிடு' என்று பொருள்படும் வினை ஒன்றின் மிச்சம் அது. இதோடு 'சியர்டு ஹிம் ஆன்' என்பதைக் குழப்பாதீர்கள். ரேக்ளாப் பந்தயத்தில் ஓரத்தில் நின்று கத்துவது சியர். மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவது 'கோட்' (goad). மனிதனைச் சீண்டிச் சீண்டி ஒன்றைச் செய்ய வைப்பதற்கும் அதே சொல்தான்.

பென்சிலால் எழுதிவைத்த தமிழ்ச் சொல் 'தூண்டிவிட்டான்' என்றிருந்து, காகிதம் போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போகிறது என்றால், நீங்களாக மாற்றுச்சொல் தேடாதீர்கள்.

ஒரு பெரியவர் கோடு போட்ட தாளில் மனு எழுதிக்கொண்டு வந்தார். தமிழில் அவர் எழுதியிருந்தது: 'பக்கத்துத் தோட்டக்காரன் எம் பையனத் தூண்டிவிட்டு, குடிக்க வாங்கிக் குடுத்து, தோட்டத்துப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டான்.' அதன் கீழே பேரன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: 'அவர் நெய்பர் என்கரேஜ்டு மை ஃபாதர் டு சைன் த டாக்குமென்ட்.' படிக்கிற அதிகாரிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் நல்ல மனிதராகத் தெரிவார். குடிக்க வைத்ததும் போயிற்று, ஏமாற்றியதும் போயிற்று.

பேரன் அடுத்து 'அபெட்' போடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அது சட்டச் சொல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 45-வது பிரிவு அதை விளக்குகிறது: ஒருவரை ஒரு காரியத்துக்குத் தூண்டுவது, அதற்கான சதியில் சேருவது, வேண்டுமென்றே அதற்கு உதவுவது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 107-வது பிரிவாக இருந்தது. பையனைக் கையெழுத்துப் போட வைத்தது இதில் வருமா, ஏமாற்றுதலில் வருமா, வேறொன்றிலா என்பதை வக்கீல்தான் சொல்ல முடியும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மலையாளச் செய்தியில் தற்கொலைக்குத் தூண்டுதலை 'ஆத்மஹத்யா ப்ரேரண' என்பார்கள். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்களோ தெலுங்கில் 'ப்ரேரண' என்று நல்ல அர்த்தத்தில் சொல்வார்கள். நாம் இன்ஸ்பைர் என்கிற இடம் அது. இரண்டு பக்கமும் ஒரே சொல், ஒன்றில் வழக்கு, ஒன்றில் பாராட்டு. பக்கத்து மொழிச் சொல்லைப் பாலமாக வைத்து ஆங்கிலத்துக்குப் போகாதீர்கள்.

மனுவில் நீங்களே செய்யக்கூடியது இவ்வளவு. தூண்டினான், ஊக்கினான் என்று பெயர் வைக்காமல் நடந்ததை எழுதுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், யார் யார் இருந்தார்கள், என்ன வார்த்தை சொன்னான், என்ன வாங்கிக் கொடுத்தான், எந்தக் காகிதத்தில் கையெழுத்து. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. குறையைச் சொல்லி அரசு அதிகாரிக்குக் கொடுக்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 350-வது பிரிவு உரிமை தருகிறது. வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணையக்குழுவைக் கேளுங்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இன்னும் சில பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது.

தற்கொலை, அடிதடி, பெண் பிள்ளை சம்பந்தப்பட்டது என்றால் டைப்பிங் கடைக்கே வராதீர்கள். நேராக வக்கீலிடம் போங்கள்.

அந்தப் பெரியவருக்கு ஒரே பக்கத்தில் தமிழிலேயே அடித்துக் கொடுத்தேன். ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார். குடிக்க வாங்கிக் கொடுத்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, "அன்னைக்கி சாயங்காலம் மழைங்க டீச்சர், அதையுஞ் சேத்துக்குங்க" என்றார். சேர்த்தேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேரனோடு சித்தூர் பஸ் ஏறினார்.